ராம்நாடு கடற்கரைக்கு எந்த ஸ்போர்ட்ஸ் செடான்: புது விர்டஸா, வெர்னா டர்போவா, பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸா?

கீழக்கரையில் இருக்கிற என் தங்கச்சி மாப்பிள்ளை குவைத்திலிருந்து போன் செய்து, "மச்சான், எஸ்யூவி எல்லாம் வேண்டாம், தாழ்வா, நீளமா, காலை வச்சா சீறிட்டுப் போற மாதிரி ஒரு வண்டி பாருங்க, ஆன்ரோடு இருபத்திமூணு லட்சம் வரைக்கும் போகலாம்" என்றார். மூன்று மாதமாக அதே வேலையாக அலைந்தேன். அவருக்காகப் பார்த்ததை எழுதி வைத்தால் இந்தக் கரையோரம் இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். இங்கே கணக்கு வேறு.

பட்டியல் சீக்கிரமே சுருங்கிவிட்டது. புதிதாக வாங்கினால் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5 (ஸ்கோடா ஸ்லாவியா 1.5 என்பதும் அதே இன்ஜின், அதே அடித்தளம், சட்டை மட்டும் வேறு, அதனால் விர்டஸைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் சேரும்), இல்லையென்றால் ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ. பழையதாக வாங்கினால் ஸ்கோடா ஆக்டேவியாவின் வேகப் பதிப்பான ஆர்எஸ். ஹோண்டா சிட்டியையும் ஓட்டிப் பார்த்தேன், அருமையான வண்டி, ஆனால் பலம் 121 பிஎஸ், இழுவை 145 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,300 ஆர்பிஎம் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். அவர் கேட்டது அது இல்லை. பழைய பிஎம்டபிள்யூ 330ஐ ஒன்று பார்க்கலாமா என்று கேட்டார். 258 குதிரைத்திறன், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த வண்டிகள் பெரும்பாலும் ரன்ஃபிளாட் டயரோடு (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) ஸ்டெப்னி இல்லாமல் வருபவை, ராத்திரி பத்து மணிக்கு சிக்கல் ஊருக்கும் சாயல்குடிக்கும் நடுவில் டயர் பக்கச்சுவர் கிழிந்தால் யாரைக் கூப்பிடுவது? வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை செகண்ட் என்பது. விர்டஸ் 1.5 ஏறக்குறைய 9 செகண்ட், வெர்னா டர்போ அதைவிடக் கொஞ்சம் வேகம், ஆர்எஸ் 245 என்ற 2020 பதிப்புக்குக் கம்பெனி சொன்னது 6.6. நல்லது. ஆனால் நம் ஊரில் நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட வேண்டிய நேரம் எப்போது வருகிறது? டோல்கேட்டைத் தாண்டும்போது ஒருவேளை. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகிற ஈசிஆரில் வண்டியின் பலத்தைச் சோதிப்பது ஓவர்டேக்தான். கீழக்கரை தாண்டி, ஏர்வாடி தாண்டி, இருவழிச் சாலை, முன்னால் வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து வருகிற லாரி அறுபதில் போகும், எதிரே அரசு பஸ் எண்பதில் வரும், ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சாலை வரைக்கும் சாய்ந்து நிற்கும், ஒதுங்க இடமே கிடையாது.

அந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அறுபதிலிருந்து நூறுக்குப் போகும்போது சராசரி எண்பது என்று வைத்தால் நீங்கள் செகண்டுக்கு 22 மீட்டர் போகிறீர்கள். எதிரே வருகிற பஸ்ஸும் 22 மீட்டர் வருகிறது. ஆக எதிர்ப்பக்கத்தில் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு செகண்டும் 44 மீட்டர் இடைவெளி. ஒரு செகண்ட்தானே என்று நினைத்தால் அது பனைமரம் நாலு ஐந்தை வரிசையாகப் படுக்க வைத்த தூரம். அதனால்தான் டெஸ்ட் டிரைவில் நான் அளந்தது 60லிருந்து 100 மட்டும்தான். அதுவும் ஏசி ஓட, வண்டியில் மூன்று பேர் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் நேரம் பார்க்க, டாப் கியருக்கு ஒரு கியர் கீழே வைத்து. ஷோரூமைச் சுற்றி நாலு தெரு ஓட்டிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. மதுரையில் எடுத்தால் மானாமதுரை ரோட்டில் கொஞ்ச தூரமாவது விடச் சொல்லிக் கேளுங்கள். சேல்ஸ் பையன்கள் தயங்குவார்கள். வாங்கப் போகிறவர் என்று அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் விடுவார்கள்.

இந்த அறுபது-நூறு விஷயத்தில் டர்போ இரண்டுமே அசத்துகின்றன. விர்டஸில் 250 நியூட்டன் மீட்டர் 1,600 ஆர்பிஎம்மிலிருந்தே வந்துவிடுகிறது, வெர்னாவில் 253, 1,500லிருந்து. காகிதத்தில் 150 பிஎஸ்ஸுக்கு எதிராக 160 பிஎஸ் என்று வெர்னாதான் மேலே. ஓட்டும்போதும் நேர்கோட்டில் வெர்னா ஒரு பொடி வேகம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வேகம் வருகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மணல் கொஞ்சம் கிடந்தாலும் முன் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. உச்சிப்புளிக்கு அப்பால் எந்த ரோட்டில் மணல் இல்லை? தனுஷ்கோடிப் பக்கம் போனால் ரோடே பாதி மணல். விர்டஸ் அதே இடத்தில் கால் ஊன்றிப் போகிறது. பாம்பன் பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று அறைகிற நேரத்திலும் விர்டஸின் ஸ்டீயரிங் கையில் கனமாக, நம்பிக்கையாக நின்றது. வெர்னாவின் ஸ்டீயரிங் ஊருக்குள் சுகம், காற்றில் அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வைத்தது.

பிரேக்கில் வெர்னா டர்போ ஒரு படி மேல், பின்னாலும் டிஸ்க். விர்டஸில் பின்னால் டிரம், இந்த விலைக்கு அது குறைதான் என்று நானும் நினைத்தேன். பிறகு மாப்பிள்ளையின் வண்டி வருஷத்தில் பத்து மாதம் ஷெட்டில் நிற்கப் போகிறது என்பது நினைவுக்கு வந்தது. கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டரில் நிற்கிற வண்டியின் டிஸ்க் இரண்டே நாளில் செம்மண் பூசியது போல ஆகிவிடும். ஓட்டினால் தேய்ந்து போய்விடும், ஓட்டாமல் மாதக்கணக்கில் விட்டால் குழி விழும். மூடிய டிரம் அவருக்கு ஒரு குறையாகத் தெரியாது. தினமும் ஓட்டுகிறவராக இருந்தால் இதை மாற்றிச் சொல்லியிருப்பேன்.

பாதுகாப்பில் இரண்டும் 2023இல் வண்டியை மோதவிட்டுப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. ஆனால் அறிக்கையின் உள்ளே படித்தால் விர்டஸின் உடற்கூடு உறுதியானது என்றும் வெர்னாவின் கூடு உறுதியற்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது அதற்கு மேல் ஒரு சுமை வந்தால் தாங்காது என்று. ராத்திரியில் மாடு குறுக்கே படுத்துக் கிடக்கிற ஈசிஆரில் தங்கச்சியும் பிள்ளைகளும் போகிற வண்டி இது. என்னைப் பொறுத்தவரை முக்கால்வாசி முடிவு இந்த ஒரு வரியில் ஆகிவிட்டது.

அடிப்பக்கம் தரையில் தட்டுவதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தினார்கள். விர்டஸ் 179 மில்லிமீட்டர் உயரம், சிட்டி 165. நாலு பேரோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றி கிராமத்து வேகத்தடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தோம், விர்டஸ் தட்டவில்லை.

அப்புறம் கியர்பாக்ஸ். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விர்டஸின் 7 கியர் டிஎஸ்ஜி, வெர்னாவின் 7 கியர் டிசிடி, இரண்டுமே இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், இரண்டிலும் உள்ளே இருப்பது உலர் கிளட்ச். எண்ணெயில் மூழ்கி இருக்காது, அதனால் சூட்டை வெளியே தள்ளுவது மெதுவாகத்தான் நடக்கும். ஓடுகிற சாலையில் இதைப் போல ஒரு கியர்பாக்ஸ் கிடையாது, கண் இமைக்கிற நேரத்தில் மாறும். பிரச்சினை, ஊர்ந்து போகிற நெரிசலில்தான். தை அமாவாசை, ஆடி அமாவாசை அன்றைக்கு மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறிப் பாருங்கள். பாலம் ஏற்றம், மேலே சுற்றுலா வண்டிகள் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அடி அடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்துப் பாதி விட்டபடியே இருக்கும், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் முன் வண்டிக்கு நாலைந்து மீட்டர் இடம் விட்டு, ஒரே மூச்சாக நகர்ந்து நிற்கப் பழகுங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைத் தாங்கி நிறுத்தவே கூடாது, பிரேக்கை மிதியுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி எத்தனை வருஷத்துக்குத் தருகிறார்களோ அத்தனைக்கும் போட்டுவிடுங்கள். மேனுவல் பிடிக்கும் என்றால் பேச்சே இல்லை, மேனுவல்.

சரி, ஆக்டேவியா ஆர்எஸ். மனசு இழுத்தது அங்கேதான், ஒத்துக்கொள்கிறேன். 2017இல் வந்தது 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். 2020இல் வந்த 245 பதிப்பு 370 நியூட்டன் மீட்டர், நாட்டுக்கே 200 வண்டிதான் இறக்குமதி செய்தார்கள், அன்றைய விலை 36 லட்சம். எடைக்குப் பலம் பார்த்தால் விர்டஸ் டன்னுக்கு 120 பிஎஸ் சுமார், ஆர்எஸ் 245 டன்னுக்கு 170ஐ நெருங்கும். அது வேறு உலகம். கியர்பாக்ஸும் எண்ணெயில் ஓடுகிற ஈரக் கிளட்ச், நெரிசலைத் தாங்கும், 230இல் இருக்கிற 6 கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும், பில் கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுசாகவே ஒன்று 2025 அக்டோபரில் வந்தது, 265 பிஎஸ், 49.99 லட்சம், நூறே வண்டி. அது நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது.

2018 வண்டி ஒன்று விலைக்கு வந்தது. டிஎன் 65, நம்ம மாவட்டப் பதிவு. விற்கிறவர் கேட்ட தொகை எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி, சிவப்பு பெயிண்டில் முகம் தெரிந்தது. இன்ஜின் சத்தம் சுத்தம். எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு ஆசை. ஆனால் டிஎன் 65 என்றால் இந்த வண்டி ஏழு வருஷம் இந்தக் காற்றிலேயே மூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம். தார்ப்பாயை விரித்து, போன் லைட்டைப் போட்டுக்கொண்டு அடியில் படுத்தேன். பின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் தலை ஆறு பக்கமும் கரைந்து உருண்டையாகிப் போயிருந்தது. எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது, கேஸ் வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். அலுமினியப் பாகங்களைத் தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி, கோலமாவு மாதிரி. பிரேக் பைப் போகிற கிளிப்புகள் பூத்துப் போயிருந்தன. டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை எடுத்தேன், கீழே குழியில் மெல்லிய வெள்ளை மணல், அதற்குள் ஜாக்கி துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. டிரைவர் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி விரிப்பை விரலால் நெம்பிப் பார்த்தால் சீட் தண்டவாளத்தின் போல்ட்டும் ஆரஞ்சு நிறம். யாரோ அடிப்பக்கத்துக்குப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள், ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்தினேன், பூச்சோடு சேர்ந்து துரு செதிலாக உதிர்ந்தது. துருவின் மேல் பூச்சு அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆர்எஸ் வேண்டவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று உள்நாட்டில் இருந்த வண்டியாகப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் சாலை வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அது சின்னத் தொகை இல்லை. புது வண்டிக்கு 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. எக்ஸ்ஷோரூம் 17 லட்சம் என்றால் வரி மட்டும் 3 லட்சத்து 6 ஆயிரம். 2025 செப்டம்பரில் இந்த அளவு செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 45 சதவீதமாக இருந்தது 40 ஆனதில் புது வண்டி பக்கம் கொஞ்சம் மூச்சு கிடைத்தது, அதையும் கணக்கில் சேருங்கள். பெங்களூரில் மலிவாக இருக்கிறதே என்று போனால் என்ஓசி (தடையில்லாச் சான்று), மறுபடி நம் மாநில வரி என்று மிச்சமெல்லாம் கரைந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடியும் மூழ்கின, 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கிற கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் அந்த வண்டி தண்ணீர் குடித்திருக்கிறது. மேல்பகுதியைக் கழுவலாம், அந்த முழத்தை யாரும் கழுவுவதில்லை.

பெட்ரோலும் ஒரு காரணம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 2018 ஆர்எஸ் இந்தப் பெட்ரோலுக்கு முந்திய காலத்து வண்டி, அதை மாதக்கணக்கில் அரை டேங்க்கோடு நிறுத்தி வைக்க நான் துணிய மாட்டேன். தினமும் ஓட்டுகிறவர், நல்ல மெக்கானிக் கைவசம் வைத்திருப்பவர், உள்நாட்டு வண்டி ஒன்று சுத்தமாகக் கிடைத்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்எஸ் எடுங்கள், விர்டஸ் ஓட்டும்போது ஒருநாளும் கிடைக்காத சந்தோஷம் அதில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு மாதம் வருகிற கல்ஃப்காரருக்கு அது பொருந்தாது.

சர்வீஸ் பற்றி ஒரு வார்த்தை. ஹூண்டாய்க்குத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்கிறார், விர்டஸுக்கு நாங்கள் மதுரை வரை போகத் தயாராகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் அதற்கே போய்விடும். அந்த ஒரு நாள் உங்களுக்குப் பெரிய தொல்லை என்றால் வெர்னா எடுங்கள், தப்பே இல்லை.

எதை வாங்கினாலும் தண்ணீர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கடற்கரை போய் வந்ததும் அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எந்தத் தண்ணீரில் என்று சொல்ல மாட்டார்கள். நம்ம போர்வெல் தண்ணீரே உப்பு. என் பழைய வண்டியை மூன்று வருஷம் வீட்டுப் போரில்தான் கழுவினேன், கறுப்பு பானெட் முழுக்க வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பெயிண்டில் ஏறிவிட்டது, பாலிஷ் போட்டும் போகவில்லை. மேலே அப்படியென்றால் கீழே என்ன ஆகியிருக்கும். இப்போது காவிரித் தண்ணீர் ரெண்டு குடம் தனியாக எடுத்து வைத்து, பூச்சி மருந்து அடிக்கிற கை பம்ப்பில் ஊற்றி, சக்கர வளைவு, சைலன்ஸர், சஸ்பென்ஷன் என்று அடிக்கிறேன். ரெண்டு குடம் தாராளமாகப் போதும்.

கடைசியில் விர்டஸ் 1.5, மேனுவல், வெள்ளை என்று புக் செய்தோம். டெலிவரி அன்றைக்கு மதுரையிலேயே, வண்டி புத்தம் புதிதாகக் காய்ந்து இருக்கும்போதே, அடிப்பக்கத் துருத் தடுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லிவிட்டேன், பிறகுதான் ஏர்வாடி தர்காவுக்குப் போய்விட்டு வீடு. சாவி தங்கச்சியிடம். பிரேக் ஒட்டிப் பிடிக்காமல் இருக்க ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்த வேண்டும், வெள்ளிக்கிழமை தவறாமல் சிக்கல் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், இன்ஜின் நல்லாச் சூடாகி பிரேக்கில் இருக்கிற துரு தேய்கிற அளவுக்கு. "நான் ஓட்டுறேன்ணே, நீங்க சொல்லவே வேணாம்" என்றாள். முதல் வாரமே சிக்கல் தாண்டி சாயல்குடி வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள்.